தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. பிறகு ஏரிக்கரை மேல் ஏறி நான்கு கிலோமீட்டர் செம்மண். திரும்பும் வழியில், ஜல்லி கொட்டியதோடு நின்றுபோன ஊராட்சிச் சாலை. தமிழ்நாட்டில் காலையில் சைக்கிள் எடுக்கும் பலருடைய பாதை இப்படித்தான் இருக்கிறது. அதற்கேற்ற ஒரு வண்டி வேண்டுமென்று கடைக்குப் போனால் ரோடு பைக், ஹைப்ரிட், எம்.டி.பி., கிராவல் என்று நான்கு பெயர்கள் சொல்கிறார்கள். நான்கில் மூன்றையாவது "எல்லா ரோட்டுக்கும் போகும்" என்றே விற்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பெயர்களை ஒதுக்கிவிட்டு, சைக்கிளின் எந்த உறுப்பு எந்தத் தரையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டயரின் அகலமும், அந்த டயருக்கு ஃபிரேம் விட்டிருக்கும் இடமுமே முதல் கேள்வி. ஏற்றத்துக்கான கியர் இரண்டாவது, பிரேக் மூன்றாவது. கடைகளில் முதலில் காட்டப்படும் சஸ்பென்ஷன் இந்தப் பயன்பாட்டுக்குக் கடைசி.

நான்கு பெயர்களும் ஒரு பழைய வண்டியும்

1. ரோடு பைக்: வளைந்து கீழிறங்கும் ஹேண்டில்பார், 25 முதல் 32 மி.மீ. வரையிலான டயர், முன்னால் குனிந்து உட்காரும் அமைப்பு. நல்ல தார்ச்சாலையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஏரிக்கரையில் ஏறியதும் நிலைமை மாறிவிடும்.

2. எம்.டி.பி. (மவுண்டன் பைக்): மலைப்பாதைக்கு வந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டிப் பார்த்தவர்களிடமிருந்து பிறந்த வகை. 50 மி.மீ.க்கு மேற்பட்ட டயர், நேர் ஹேண்டில்பார், சஸ்பென்ஷன். பாறையும் வேரும் நிறைந்த இடத்துக்கு உரியது. தார்ச்சாலையில் கனமாக இழுக்கும்.

3. ஹைப்ரிட்: இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நேர் ஹேண்டில்பார், 35 முதல் 42 மி.மீ. டயர், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு.

4. கிராவல் பைக்: தோற்றத்தில் ரோடு பைக். ஆனால் 38 முதல் 45 மி.மீ. வரையிலோ அதற்கு மேலுமோ டயர் நுழையும் இடம், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு இறங்கிக் கொடுக்கும் கியர் எல்லாம் இதில் இருக்கும்.

கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மனைக்கட்டில் மேடு நிரப்ப லாரியில் வந்து இறங்கும் அதே கிராவல் மண்தான். அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் வயல்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சரளைச் சாலைகள் ஓடுகின்றன. கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறுநகரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்வகைச் சைக்கிளுக்குப் பெரிய உந்துதலாக அமைந்தது. இதற்கென்றே பல்சக்கரங்களும் பிரேக்கும் கொண்ட ஜிஆர்எக்ஸ் வரிசையை, சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 2019இல் கொண்டுவந்தது. 2022இல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது.

இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்தால் நம் ஊர் 28 இஞ்ச் கறுப்புச் சைக்கிளுக்கு அநீதி செய்தவர்களாவோம். அதன் டயர் ஏறத்தாழ 40 மி.மீ. அகலம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நல்ல தூரம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் சாய்வானது. பால் கேனையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கப்பி ரோட்டிலும் வாய்க்கால் கரையிலும் அது அசையாமல் போனதற்கு இவையே காரணம். அதில் இல்லாதவை மூன்று: கியர், மழையில் பிடிக்கும் பிரேக், குறைந்த எடை. இந்த மூன்றையும் சேர்த்தால் வருவதுதான், கொஞ்சம் தாராளமாகச் சொன்னால், இன்றைய கிராவல் பைக்.

டயர்: தார்ச்சாலையில் என்ன, மண்ணில் என்ன?

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து போகும்போது காற்றை விலக்க ஏறத்தாழ 50 வாட் செலவாகிறது. டயர் உருள்வதற்கு 20 முதல் 25 வாட். வேகம் 30 கிலோமீட்டர் ஆனால் டயரின் பங்கு 35 வாட்டைத்தான் தொடும். காற்றின் பங்கோ 170 வாட்டுக்குப் பாய்ந்துவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. சராசரி உடல்வலு உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 100 முதல் 150 வாட். ஆகவே தார்ச்சாலையில் நம் வலுவைத் தின்பது பெரும்பாலும் காற்றுதான். டயரை 28இலிருந்து 40 மி.மீ.க்கு அகலப்படுத்தியதால் இழப்பது, நல்ல தரமான டயராக இருந்தால், மிகச் சிறிது.

இளகிய மண்ணில் கணக்கு தலைகீழாகிறது. உருளும் எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. 20 கிலோமீட்டர் வேகத்திலேயே டயருக்கு மட்டும் 70 வாட் கேட்கும். இங்கே குறுகிய டயர் மண்ணில் புதைந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு மேட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதன் மேல் ஏறப் பார்க்கிறது.

காரணம் எளிய பிரித்தல் கணக்கு. பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். குறுகிய டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5.6 கிலோ, தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 9 சதுர சென்டிமீட்டர். அகலமான டயரில் 40 பி.எஸ்.ஐ. என்றால் 18. ஒரு தீப்பெட்டியின் மேல்பக்க அளவு அது. முன்னது பாதித் தீப்பெட்டி. அந்தப் பாதித் தீப்பெட்டியின் மேல் நம் எடையை வைத்து ஈர மண்ணில் திருப்ப வேண்டும் என்று நினைத்தால் விஷயம் விளங்கிவிடும்.

அப்படியானால் குறுகிய டயரிலேயே காற்றைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. 28 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்து ஜல்லியில் இறக்கினால், கல் டயரை ரிம் வரை அழுத்திவிடும். இடையில் சிக்கிய டியூபில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் விழும். அகலமான டயரில் ரிம்முக்கும் தரைக்கும் இடையே உயரம் அதிகம். அதனால்தான் அதில் காற்றைக் குறைக்க முடிகிறது.

கெட்டியாகக் காற்றடித்த டயர் வேகமானது என்பது பளிங்குத் தரைக்குத்தான் பொருந்தும். சொரசொரப்பான தரையில் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் நம் உடம்பையும் தூக்கிப்போடுகிறது. மேலே தூக்கப்பட்ட அந்த ஆற்றல் முன்னோக்கித் திரும்பி வருவதில்லை. உடம்பில் அதிர்வாகக் கரைந்து, வீடு திரும்பும்போது கை மரத்துப்போயிருக்கும்.

எனவே இரண்டு தரைக்கும் பொதுவான அகலம் 38 முதல் 42 மி.மீ. நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சிறு முட்டுகளாகவும் இருக்கும் டயரைத் தேர்ந்தெடுங்கள். தாரில் நடுப்பகுதி உருளும், மண்ணில் வளையும்போது ஓரம் பிடிக்கும். டிராக்டர் டயர்போல் முழுக்க முட்டு வைத்த டயர் பார்வைக்குத் திடமாக இருக்கும். தாரில் அது ஊளையிடும், சீக்கிரம் தேயும்.

மணலுக்கு இந்தக் கணக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலில் 50 மி.மீ. டயரும் புதையும். அங்கே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கச்சுவரில் 40-622 போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் பொருந்தி உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். கடையில் சொல்லும் பெயர்களைவிட இதை நம்புங்கள். ஏனென்றால் 700சி என்பதும் 29 இஞ்ச் என்பதும் ஒரே 622தான். 27.5 இஞ்ச் என்பது 584. எம்.டி.பி.யின் 26 இஞ்ச் 559. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 இஞ்ச் 635. பெயரில் 28 என்பது 29ஐவிடச் சிறியது, ரிம்மில் பெரியது! டயர் மாற்றும் நாளில் இந்த இரண்டாம் எண் பொருந்தாவிட்டால் கடை கடையாக அலைய வேண்டிவரும். இருவகைத் தரைக்கும் எளிதில் டயர் கிடைப்பது 622இல்தான்.

ஃபிரேம் விட்டிருக்கும் இடம்

டயரைப் பிறகு மாற்றலாம். ஃபிரேமின் இடைவெளியை மாற்ற முடியாது. நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அதுதான். 32 மி.மீ. டயரோடு விற்கும் வண்டியில் 42 மி.மீ. வரை நுழையும் என்றால் அது நல்ல வண்டி. 35 மி.மீ. டயரோடு வந்து அதற்குமேல் நுழையாது என்றால், முதல் நாளிலேயே அது தன் எல்லையைத் தொட்டுவிட்டது.

டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையே இருபுறமும் குறைந்தது 5 மி.மீ. வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனி தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் பெடல் அச்சுக்கு அருகே, ஃபிரேம் குழாய்கள் நெருங்கும் இடத்தையும் கட்டாயம் பாருங்கள். இடம் முதலில் தீர்ந்துபோவது அங்கேதான்.

கரிசல் நிலத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த 5 மி.மீ. போதாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மண் மழைக்குப் பிறகு டயரில் அப்பிக்கொண்டே வரும். நூறு மீட்டருக்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். எந்தச் சைக்கிளுக்கும் அந்த மண்ணில் மழை நாளில் வேலையில்லை. இருந்தாலும் இடைவெளி அதிகமுள்ள வண்டியை, ஒரு குச்சியால் சுரண்டிவிட்டுத் தார்ச்சாலை வரை உருட்டிக்கொண்டாவது வரலாம்.

முள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அதிகம் பேசப்படாத, நம் ஊரில் முதலிடம் பெற வேண்டிய விஷயம் இது. ஏரிக்கரை, கண்மாய்க்கரை, ரயில் பாதை ஓரம் எங்கும் சீமைக் கருவேலம். அதன் முள் காய்ந்த பிறகும் ஆணிபோல் நிற்கும். மெல்லிய ரப்பர் டயரை நேராகத் துளைத்து டியூபைத் தொடும். வழிகள் மூன்று:

1. டயருக்குள் முள்தடுப்புப் படலம் உள்ள வகையை வாங்குவது. எடை கொஞ்சம் கூடும். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

2. டியூப்லெஸ். ரிம்மும் டயரும் இரண்டுமே அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். உள்ளே ஊற்றிய பால் போன்ற திரவம், முள் குத்திய துளையில் கசிந்து உறைந்து அடைத்துவிடும். டியூப் இல்லாததால் மேலே சொன்ன இரட்டைத் துளைத் தொல்லையும் இல்லை. நம் வெயிலில் அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் வற்றத் தொடங்கும், மீண்டும் ஊற்ற வேண்டும். வாரம் தவறாமல் மண்பாதை போகிறவருக்கு இந்தச் சிரமம் தகும்.

3. எப்படியிருந்தாலும் ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு ஆகியவை பையில் இருக்க வேண்டும்.

வால்வு வகையையும் கவனியுங்கள். பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருந்தது. கிராவல், ரோடு வண்டிகளில் பெரும்பாலும் ஊசிபோல் மெலிந்த பிரெஸ்டா வால்வுதான் வரும். தலையில் ஒரு சிறு திருகு இருக்கும், அதைத் தளர்த்திய பிறகே காற்று ஏறும். சாலையோரப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் இதில் நேரடியாகப் பொருந்தாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள்.

கியர்: எத்தனை என்பதைவிட எவ்வளவு இறங்கும்?

21 கியர், 24 கியர் என்று வண்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணிக்கை நமக்கு எதையும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது இரண்டு: முன்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்பக்கத்தின் மிகப் பெரியதில் எத்தனை பல். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும்.

ரோடு பைக்கில் பரவலாக இருந்துவரும் 34க்கு 28 என்ற அமைப்பில் இது 1.21. கிராவல் பைக்கில் 30க்கு 34 என்றால் 0.88. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போவதற்குள் எட்டு மீட்டர் உயரும் பாதையில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதாக வைத்துப் பார்ப்போம். முதல் வண்டி மணிக்கு 9.6 கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும், உயரம் ஏறுவதற்கு மட்டும் 178 வாட். இரண்டாவது வண்டி 7 கிலோமீட்டரில் நிதானமாக ஏறும், 130 வாட் போதும். முன்னதில் ஒருவர் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார். பின்னதில் மூச்சு வாங்கியபடியே கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் எண்ணிக்கொண்டு ஏறலாம். மண்பாதையில் இது இன்னும் முக்கியம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தபடியே ஏறக் கியர் இறங்கிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே விதி இது: இந்த வகுத்தல் விடை 1 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள வண்டியில் செயின் கழன்று விழுவது குறைவு, பராமரிப்பும் எளிது. இரண்டு பல்சக்கரம் உள்ளதில் கியர்களுக்கு இடையே தாவல் குறைவு, தார்ச்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது வசதி. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள விலை குறைந்த ஹைப்ரிட்டும் பெரும்பாலும் இந்த விதிக்குள் எளிதில் வந்துவிடும்.

பிரேக்

ரிம்மைப் பிடிக்கும் ரோடு பைக் பிரேக்கில் அகலமான டயர் நுழையாது. ஈரமும் சேறும் ரிம்மில் ஒட்டினால் பிடிமானமும் குறையும். எனவே டிஸ்க். கம்பியால் இழுக்கும் டிஸ்க்கை எந்த ஊரிலும் ஒருவர் சரிசெய்து கொடுத்துவிடுவார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கை ஒரு விரலால் பிடிக்கலாம், மலையிறக்கத்தில் கை ஓயாது. ஆனால் காற்று புகுந்துவிட்டால் பழகிய மெக்கானிக் தேவை. அருகில் அப்படி ஒருவர் இருந்தால் ஹைட்ராலிக், இல்லாவிட்டால் நல்ல கம்பி டிஸ்க்.

முன்சஸ்பென்ஷன் ஏன் கடைசி?

விலை குறைந்த ஹைப்ரிட்டுகளிலும் எம்.டி.பி.களிலும் வரும் சுருள்கம்பி ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது நம் பலத்தின் ஒரு பகுதியை அமுங்கி அமுங்கி விழுங்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தால் உள்ளே துருவேறி, அசையாத கனமான இரும்பாக நின்றுவிடுவதும் உண்டு. அதே விலையில் அசையாத ஃபோர்க் உள்ள வண்டியில் பணம் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் போயிருக்கும். ஜல்லிச் சாலையின் நடுக்கத்தைக் காற்றுக் குறைத்த 40 மி.மீ. டயரே பெரும்பகுதி வாங்கிக்கொள்ளும். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து மலிவு விலையில் வரும் வண்டிகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

ஹேண்டில்பார்

வளைந்த ஹேண்டில்பாரில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. எதிர்காற்றில் குனியலாம், ஏற்றத்தில் மேலே பிடிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நேர் ஹேண்டில்பார் நகர நெரிசலில் நம்பிக்கை தரும், விலையும் குறையும். பெரும்பாலான பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால் வளைந்த ஹேண்டில்பாருக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

யாருக்கு எது?

1. பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை, அவ்வப்போது மண்பாதை, நீண்ட தூரம்: 38 மி.மீ. டயராவது நுழையும் ரோடு பைக் அல்லது கிராவல் பைக்.

2. பாதிக்குப் பாதி, குறைந்த தூரம், அலுவலகத்துக்கும் அதே வண்டி: சஸ்பென்ஷன் இல்லாத, டிஸ்க் பிரேக் ஹைப்ரிட். மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். செலவுக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

3. கையில் பழைய, சஸ்பென்ஷன் இல்லாத 26 இஞ்ச் எம்.டி.பி. இருக்கிறது: புதியது வாங்காதீர்கள். 44-559 அளவில் வழவழப்பான டயர் இரண்டு மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

4. பெரும்பகுதி கரடுமுரடான மலைப்பாதை: அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. நல்ல எம்.டி.பி. வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

புதிய வண்டியின் டயரில் கடையில் கெட்டியாக அடித்துத்தான் கொடுப்பார்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அடிக்க வேண்டிய அளவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 40 மி.மீ. டயரில், பின்சக்கரத்துக்கு 45, முன்சக்கரத்துக்கு 40 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். வழக்கமாகப் போகும் அதே மண்பாதையில் ஒவ்வொரு நாளும் 3 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டே வாருங்கள். டயரில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். ஒருநாள் கல்லில் ஏறும்போது ரிம்மில் மெல்ல 'டக்' என்று தட்டுவது கேட்கும், அல்லது வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவது தெரியும். அங்கே நிறுத்தி, 5 பி.எஸ்.ஐ. கூட்டி, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கும் உங்கள் ஏரிக்கரைக்கும் உரிய அளவு அது.